கத்ர வேன் தூஸ்

நவம்பர் 10, திங்கள்

விடியறதுக்கு முன்னாடியே மழை. கடை வாசல்ல கணுக்கால் தண்ணி.

லுசியேனுக்குப் பேச்சு போய் இன்னியோட பத்து நாள். பக்கவாதம். வலது கை, வலது கால், வாய். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில மூணாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். ஆளைத் தெரியுது. நாம பேசறது எல்லாம் புரியுது. பதில் சொல்ல வாயைத் தெறந்தா தமிழ் வரல. பல்லைக் கடிச்சுக்கிட்டு மொகத்தை சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறான்.

இருபத்திரண்டு வருசமா இந்தக் கம்ப்யூட்டர் கடையில பாதி அவன். வாங்கறது விக்கறது நான். பொருத்தறது ஓட்டறது அவன். எழுத்துல ஒண்ணும் கிடையாது. நான் தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்துல ஐஸ் பொட்டி தூக்கினவன். அவன் சொல்தா வீட்டுப் பையன், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவர். ரெண்டு பேருக்கும் நடுவுல பத்திரம் எதுக்குன்னு விட்டாச்சு.

இன்னிக்கு வேலை:
– தண்ணி இறைக்கணும். கீழ் அலமாரிச் சரக்கு எல்லாம் மேல.
– லு.வுக்கு சத்துமாவுக் கஞ்சி. ரொட்டி வேணாம்னு சொல்லிட்டாங்க, தொண்டையில சிக்குது.
– லாஸ்பேட்டை காலேஜ். இதுதான் பெரிசு.

காலேஜ் லேப்ல முப்பது கம்ப்யூட்டர். எல்லாத்துலயும் டிஸ்க் செத்துப்போச்சு. லு. போட்ட யோசனை: டிஸ்க்கே வேணாம், ஒரே ஒரு சர்வர் வைப்போம், கேபிள் வழியா அதுலேர்ந்து முப்பதும் எழுந்துக்கும். சர்வர் வாங்கி கடையில நிக்குது. பாக்கி ஒரு வேலைதான். அங்க இருக்கற ரவுட்டர்தான் ஒவ்வொரு மெஷினுக்கும் அட்ரஸ் குடுக்குது. அதுக்குள்ள பூந்து, "எழுந்திருக்கணும்னா இந்த சர்வர்கிட்ட போ"ன்னு ரெண்டு வரி சேக்கணும். ரவுட்டருக்குப் பாஸ்வேர்ட் போட்டது லு. எங்கயும் எழுதி வைக்கல. மண்டையில வச்சிருக்கான்.

பிரின்சிபால் மேடம் கறார். "ரீசெட் மட்டும் பண்ணவே கூடாது. ஃபீஸ் கவுன்ட்டர், கைரேகை மெஷின், கேமரா, எல்லாம் அதுல தொங்குது. அடுத்த திங்கள் பிராக்டிகல் எக்ஸாம். சனிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவுல லு.வோட பொண்டாட்டி தெரேஸ் நிறுத்திக் கேட்டா. அழல.

"அண்ணே, ஒண்ணு சொல்லுங்க. இனிமே கடையில அவருக்குப் பங்கு உண்டா, இல்லையா? உண்டுன்னா இங்கியே இருந்துப்போம். இல்லன்னா மக கூப்புடறா, பிரான்சுக்கே போயிடறோம். ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பதில் சொல்லணும்."

"இன்னா பேச்சு தெரேசு இது"ன்னேன். உண்டுன்னு சொல்லல.

வீட்டுல என் பொண்டாட்டி கஸ்தூரி: "பாவம்தான், நான் இல்லங்கல. வாய் இல்லாத ஆளுக்குப் பாதியா? மருந்து வாங்கிக் குடுங்க, கூட நில்லுங்க. பங்கை முடிச்சுக்கோங்க. அவரு போட்ட எடத்தை எல்லாம் புது ஆளை வச்சு ரீசெட் பண்ணிட்டா அப்புறம் அவரு வேலைன்னு என்னா நிக்கும்?"

வியாபாரத்துல சரியான பேச்சு. பதினோரு இடத்துல ரவுட்டர், கேபிள் எல்லாம் லு. போட்டது. பதினொண்ணுக்கும் சாவி அவன்கிட்ட. அழிச்சு எழுதிட்டா முழுசா நான்தான் மொதலாளி. வேற எவனாவது என்கிட்ட யோசனை கேட்டிருந்தா இதையேதான் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 11, செவ்வாய்

விட்டு விட்டு மழை. கரண்ட் போய்ப் போய் வருது.

இன்னிக்கு என் புத்திசாலித்தனம். கடையில கெடந்த பழைய ரவுட்டர் ஒண்ணை எடுத்துக்கிட்டு காலேஜ் போனேன். அதுல அந்த ரெண்டு வரியை எழுதி, லேப் கேபிள்ல சொருகினேன். லு. பண்ணி நூறு தடவை பாத்திருக்கேன், என்னா பெரிய வித்தைன்னு. ஆறு மெஷின் எழுந்துச்சு. மாரை நிமித்திக்கிட்டு நின்னேன்.

அப்பதான் கரண்ட் போய் வந்துச்சு. ஃபீஸ் கவுன்ட்டர்லேர்ந்து ஆள் ஓடி வரான், பிரின்டர் காணோம்னு. கைரேகை மெஷின் யாரையும் தெரியாதுங்குது. வாத்தியாருங்க வரிசையா நின்னு விரலைச் சட்டையில தொடச்சுத் தொடச்சு வைக்கிறாங்க.

"முப்பது வருச சர்வீஸ். நீ யாருன்னு கேக்குதுய்யா என்னை."

"எங்க வீட்ல அப்பவே கேட்டுட்டாங்க சார்"னு பின்னாடி நின்னவரு.

எல்லாரும் சிரிச்சாங்க. மேடம் சிரிக்கல. "நீங்க சாமான் விக்கறதோட நிறுத்திக்கோங்க. லுசியேன் சார் இருந்தா இப்படி நடக்குமா?"

நடக்காது. என் ரவுட்டரைப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டு வந்தேன். ஆட்டோக்காரன் அதுக்கும் சேத்து இருபது ரூபா கூட.

நவம்பர் 12, புதன்

காலையில வெயில், பத்து மணிக்கு மேல இருட்டிக்கிச்சு.

நேரா கோரிமேடு. லு.வுக்கு ஷேவிங் பண்ணி விட்டிருந்தாங்க. இடது கன்னத்துல மட்டும் சிரிப்பு. பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்து, வழக்கம்போல பிரெஞ்சு 'ஐயா' போட்டுக் கேட்டேன்.

"முசியே, லாஸ்பேட்டை காலேஜ். அந்த சர்வர் வேலை. பாஸ்வேர்ட் என்னாடா?"

கண்ணை மூடிக்கிட்டான். நெத்தி நரம்பு பொடைச்சுது. "கத்ர... வேன்... தூஸ்." இடது கையால கட்டிலைத் தட்டித் தட்டி மறுபடியும். "கத்ர வேன் தூஸ். கத்ர வேன் தூஸ்."

பிரெஞ்சு. ஸ்க்ரூ எண்ணினாலும் காசு எண்ணினாலும் அவனுக்கு பிரெஞ்சுதான், படிச்ச பள்ளிக்கூடம் அப்படி. தமிழ் போச்சு, எண்ணிக்கை நிக்குது. கேட்டுக் கேட்டு இருபது வரைக்கும் எனக்கும் தெரியும். கத்ர நாலு. வேன் இருபது. தூஸ் பன்னெண்டு. உள்ளங்கையில எழுதிக்கிட்டேன்: 42012.

மழையோட லாஸ்பேட்டை. ரவுட்டர்ல போட்டேன். இல்ல. நடுவுல கோடு போட்டு. இல்ல. புள்ளி வச்சு. இல்ல. முன்னாடி அவன் பேர் போட்டு. இல்ல. அஞ்சாவது தடவை பூட்டிக்கிச்சு. நாளைக்கு வான்னு எழுதிக் காட்டுது.

திரும்பி வந்து தெரேஸ்கிட்ட உள்ளங்கையைக் காட்டினேன். சிரிச்சுட்டா. பன்னெண்டு நாள்ல இப்பதான் அவ சிரிச்சு பாக்கறேன்.

"அய்யோ அண்ணே! அது மூணு நம்பர் இல்ல, ஒரே நம்பர். நாலு இருபது எண்பது. அதுகூட ஒரு பன்னெண்டு. தொண்ணூத்திரண்டு. பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் எண்ணுவான்."

"ஒரு நம்பரைச் சொல்றதுக்கு பெருக்கிக் கூட்டுவானா?"

"இருபத்திரண்டு வருசம் பக்கத்துல ஒக்காந்திருந்தீங்க. இதைக்கூடவா கேட்டுக்கல?"

கேட்டுக்கல. அவன் எண்றதை நிறுத்தினா சரக்கு சரின்னு அர்த்தம், அது போதும் எனக்கு. ஆனா வெறும் தொண்ணூத்திரண்டு பாஸ்வேர்டா இருக்காது, எட்டு எழுத்துக்குக் கம்மியா அந்த ரவுட்டர் ஏத்துக்காது.

அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு லு.வோட போனை எடுத்துக் காட்டினா. "அண்ணே, விழுந்த அன்னிக்கு காலையில ஏழே முக்காலுக்கு உங்களுக்குத்தான் போன் பண்ணிருக்காரு. நாப்பது செகண்டு. என்னா சொன்னாரு?"

"சரியா கேக்கலம்மா. சிக்னல் இல்ல."

பொய்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். குடை கோரிமேட்டுலயே விட்டாச்சு, மூணாவது குடை.

சுமதின்னு ஒருத்தங்க வேலை கேட்டு வந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். பாலிடெக்னிக் லேப்ல பதினஞ்சு வருசம் வேலை, மேல இருக்கறவங்களோட சண்டை, வெளிய வந்துட்டாங்க. ஸ்கூட்டர், ரெயின்கோட், பை நெறைய கேபிள். செவ்வாய்க்கிழமை கூத்தைச் சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாங்க.

"ரெண்டு பேரும் அட்ரஸ் குடுத்தா மெஷின் யாருதை எடுத்துக்கும் சார்? யாரு மொத கத்தறாங்களோ அவங்களுது."

"சரி, இப்ப ரீசெட்தான் வழியா?"

"ரீசெட்டும் வேணாம், பாஸ்வேர்டும் வேணாம். பழைய ரவுட்டர் அது பாட்டுக்கு அட்ரஸ் குடுக்கட்டும். நம்ம சர்வரை பக்கத்துல நிக்க வைப்போம். மெஷின் எழுந்ததும் 'நான் யாரு, எங்க போகணும்'னு கூவும். ரவுட்டர் அட்ரஸ் சொல்லும். நம்ம ஆளு அட்ரஸைப் பத்தி வாயே தெறக்க மாட்டான். 'எழுந்திருக்கற ஃபைல் என்கிட்ட இருக்கு'ன்னு அதை மட்டும் சொல்லுவான். மெஷின் ரெண்டையும் சேத்து எடுத்துக்கும். ப்ராக்ஸி டிஎச்சிபின்னு பேரு."

"ப்ராக்ஸின்னா? பசங்க வராதவனுக்கு 'உள்ளேன் ஐயா' போடுவாங்களே, அதுவா?"

"அது இல்லாதவனுக்குப் பதிலா சொல்றது. இங்க இருக்கறவரு இருக்காரு சார். அவரு சொல்லாததை மட்டும் நாம சொல்றோம்."

இதுக்கு மேல வெளக்கம் வேணாம் எனக்கு. தேங்காய்த்திட்டுல ஏலம் கூவறவர் ஒருத்தர்தான். பக்கத்துல நின்னு ஐஸ் எங்க, வண்டி எதுன்னு நான் சொல்லுவேன். ஒரு தரம் வாய் தவறி விலையும் சொல்லிட்டேன், பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. இதைச் சொன்னா சுமதி, "அந்த அறை செவ்வாய்க்கிழமையும் விழுந்திருக்கணும்"ங்கறாங்க. வாய் ஜாஸ்தி. வேலைக்குச் சேத்தாச்சு.

சாயங்காலம் ரெண்டு பேரும் காலேஜ். சர்வருக்கு, ரவுட்டர் வேற யாருக்கும் குடுக்காத அட்ரஸ் நம்பர் ஒண்ணு வேணுமாம். ரவுட்டர் இருக்கற இரும்பு அலமாரிக் கதவைத் தெறந்தாங்க. உள்பக்கம் லு. கையெழுத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. 90 பிரின்டர். 91 கைரேகை. 92, ஒண்ணும் எழுதாம ஒரு கோடு. 93 கேமரா.

"இந்த ஒண்ணை மட்டும் யாருக்கு சார் காலியா விட்டிருக்காரு?"

தொண்ணூத்திரண்டு. கத்ர வேன் தூஸ். நான் பாஸ்வேர்ட் கேட்டேன். அவன் பாஸ்வேர்டே சொல்லல. சர்வரை எங்க வைக்கணும்னு சொல்லியிருக்கான். வாய்தான் போச்சு. வேலை உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு. பதிமூணு நாளா அவனைக் காலிப் பொட்டி மாதிரி சுத்தி நின்னு எல்லாரும் பேசறோம். நானும்.

நவம்பர் 14, வெள்ளி

நாள் பூரா கொட்டுது. பள்ளிக்கூடம் லீவு. வாடிக்கை ஒருத்தர் இல்ல. கீபோர்டு பதினாலு நனைஞ்சு வீணாப்போச்சு. சுமதி பின்னாடி ரூம்ல சர்வரைத் தயார் பண்றாங்க.

எழுதிடறேன்.

அன்னிக்கு காலை ஏழே முக்கால். கடை வாசல்ல லாரியிலேர்ந்து சரக்கு இறங்குது. லு. போன். "நா... பா... பா..." குழறல். பின்னாடி மூச்சு சத்தம். முந்தின நாள் அவன் மச்சான் வீட்டு விசேஷம்னு தெரியும். "காலையிலயே போட்டுட்டியாடா? தெளிஞ்சதும் பேசு"ன்னு கத்திட்டு வச்சுட்டேன். லாரிக்காரன்கிட்ட சொல்லிச் சிரிச்சேன் வேற.

அவன் குடியை விட்டு நாலு வருசம். எனக்குத் தெரியும். விட வச்சதே நான். இருந்தாலும் தெருவுக்கு ரெண்டு சாராயக்கடை இருக்கற இந்த ஊர்ல வாய் குழறினா நாம நெனைக்கறது ஒண்ணுதான்.

தெரேஸ் மார்க்கெட் போயிட்டு, அக்கா வீட்டுக்கும் போயிட்டு திரும்பினப்ப மத்தியானம் ஒரு மணி. தரையில கெடந்திருக்கான். சீக்கிரம் கொண்டாந்திருந்தா ஊசி ஒண்ணு இருக்கு, பேச்சை மீட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குத்தம் சொல்லல. நேரத்தைச் சொன்னார்.

கஸ்தூரிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. லு.வுக்குத் தெரியும்.

பங்கு குடுக்கணும்னுதான் மனசு சொல்லுது. அது அவன் வேலைக்கா, நான் நிம்மதியா சாப்பிடறதுக்கா? அதான் புரியல. வெலை போடற சாமர்த்தியம் எல்லாம் இருக்கு எனக்கு. இதுக்குப் போடத் தெரியல.

நவம்பர் 15, சனி

மழை இல்ல. ரோடெல்லாம் சேறு.

காலேஜ். சுமதி சர்வரை 92-ல வச்சாங்க. ஒரு மெஷின் போட்டாங்க. கறுப்புத் திரை. ரவுட்டர் குடுத்த அட்ரஸ் வந்துச்சு. அடுத்த வரியில நம்ம சர்வர் பேர் வந்துச்சு. அப்புறம் படம். அடுத்தது. அடுத்தது. முப்பதும். மேடம் நம்பல, மெயினை அணைச்சுப் போடச் சொன்னாங்க. போட்டோம். முப்பதும் எழுந்துச்சு. கைரேகை வேலை செய்யுது, பிரின்டர் வேலை செய்யுது.

"இது லுசியேன் சார் செஞ்சதா, நீங்க செஞ்சதா?"ன்னு மேடம்.

நான் யோசிக்கறதுக்குள்ள சுமதி: "அவரு செஞ்சதுல ஒண்ணையும் தொடல மேடம். அது இருக்கறதாலதான் எங்களுது நிக்குது. மத்த எடத்துலயும் இப்படியே பண்ணலாம்."

பதினோரு இடம். ஒண்ணையும் அழிக்க வேணாம். கஸ்தூரி கணக்கு அங்கயே விழுந்துடுச்சு. சந்தோசமா இருந்திருக்கணும். முப்பது கம்ப்யூட்டர் விசிறி ஒண்ணா ஓடற சத்தம், அதுல நின்னுக்கிட்டு மூக்கு ஒழுகுது எனக்கு. ஏசி சளின்னு சொன்னேன்.

லு.கிட்ட போய்ச் சொன்னேன். "தொண்ணூத்திரண்டுல வச்சாச்சுடா, சுமதின்னு புதுசா சேந்தவங்க வச்சாங்க. முப்பதும் ஓடுது." கண்ணை அகல விரிச்சான். இடது கன்னம் ஏறிச்சு. எதையோ கேக்க வாயெடுத்தான். வரல. இன்னொரு தரம். வரல. உதடு கோணிக்கிட்டு எச்சில் வழியுது, தொடச்சு விடறேன், என் கையைத் தட்டி விடறான். அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிட்டான்.

கஸ்தூரிகிட்ட சொன்னேன், பங்கு நிக்கும்னு. "உங்க இஷ்டம்"னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாளைக்கு இட்லி வச்சுத் தரேன், பிசைஞ்சு குடுங்க"ன்னா.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். ஊரே துணி காயப் போட்டிருக்கு.

தெரேஸ் பூசை முடிஞ்சு வந்தா. ஆஸ்பத்திரி மாடிப்படியிலயே நிறுத்தினேன். மேல போயிட்டா சொல்ல மாட்டேன்னு தெரியும்.

"தெரேசு, அன்னிக்கு சிக்னல் இருந்துச்சு. வாய் கொழறிச்சு. குடிச்சிருக்கான்னு நெனச்சு வச்சுட்டேன்."

கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஆளுங்க இடிச்சுக்கிட்டு ஏறாங்க, எறங்கறாங்க. ஒரு அம்மா, "வழியில நின்னு குடும்பக் கதை பேசாதீங்க"ன்னுட்டுப் போச்சு.

"நான் வந்து பாத்தப்ப தரையில கெடந்தாரு. மொதல்ல என்னா பண்ணேன் தெரியுமா அண்ணே? குனிஞ்சு வாயை மோந்து பாத்தேன். அதுக்கப்புறம்தான் பக்கத்து வீட்டைக் கூப்ட்டேன்."

கூடையை என்கிட்ட குடுத்துட்டு முன்னாடி ஏறினா.

மேல சுமதி நிக்கறாங்க, லு.வைப் பாக்கணும்னு ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வந்திருக்காங்க. சர்வர் வச்சது இவங்கதான்னு லு.வுக்குக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர், அவர் மருமக, நர்ஸ், எல்லாரும் வேடிக்கை. இதுக்கு நடுவுல பங்கு எப்படிப் பேசறது? தெரேஸ் தோள்ல இருந்த துண்டை வாங்கி லு.வோட இடது கை மேல போட்டேன். அடியில என் கையை விட்டேன்.

எங்க அப்பா மாட்டுச் சந்தையில இப்படித்தான் வெலை பேசுவார். எத்தனை விரலைப் பிடிக்கறோமோ அத்தனை. எதிராளிக்கு மட்டும்தான் தெரியும். லு. என்னைக் கேலி பண்ணுவான், நீ கம்ப்யூட்டரையும் பல்லைப் பிடிச்சுப் பாத்துதான் வாங்குவேன்னு. இப்ப துண்டைப் பாத்ததும் புரிஞ்சுது அவனுக்கு. இடது கண்ணு சிரிச்சுது.

"முசியே, பத்துல உனக்கு." அஞ்சு விரலையும் சேத்துப் பிடிச்சேன்.

தலையை ஆட்டினான். இல்லங்கறான். என் கையிலேர்ந்து உருவிக்கிட்டு, என் விரல் மூணை மட்டும் பிடிச்சான்.

நான் மறுபடி அஞ்சு. அவன் மறுபடி மூணு. என் வியாபாரத்துல இப்படி ஒரு பேரம் நடந்தது இல்ல. குடுக்கறவன் ஏத்தறான், வாங்கறவன் எறக்கறான்.

"அந்தப் போனுக்காக இல்லடா"ன்னேன், காதோரமா.

மொகத்தை நேரா பாத்தான். பத்துப் பதினஞ்சு நாள்ல அப்படிப் பாக்கல. கோவமா, பாசமா, எனக்குப் படிக்கத் தெரியல. அவ்வளவு பலம் எங்கேர்ந்து வந்துச்சோ, மூணு விரலையும் நெறிச்சுட்டான்.

"சரி, மூணு. மீதி ரெண்டு?"

துண்டை ஒதறிக் கையை வெளிய எடுத்தான். ரெண்டு விரலை நீட்டினான். சுமதி பக்கம்.

"என்னா சார், என்னையா? எதுக்கு?"ன்னு அவங்க முழிக்கறாங்க. பக்கத்துக் கட்டில்காரர் மருமக, "ஆரஞ்சு ரெண்டு கேக்கறாரு போல, உரிச்சுக் குடுங்க"ங்குது. தெரேஸ் துண்டை எடுத்து மொகத்தைப் பொத்திக்கிட்டா. வெளிய போய் மகளுக்குப் போன் பண்ணா, நாங்க அங்க வரலன்னு.

பேசி முடிச்சது: பத்துல எனக்கு அஞ்சு, லு.வுக்கு மூணு, சுமதிக்கு ரெண்டு. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து. லு. கடைக்கு வந்தாலும் வராட்டியும் மூணு மூணுதான், அவனுக்கப்புறம் தெரேஸ் இருக்கற வரைக்கும். இந்தத் தரம் எழுத்துல. அவன் இடது கை ரேகையோட.